பீற்றூட் கிழங்கு பருப்பதற்கு

கல்முனை, மருதமுனை, நிந்தவூர் ஆகிய ஊர்களின் வீட்டுத்தோட்டங்களிற் பீற்றூட் கிழங்கு நெல்லிக்காயளவில் நின்றுவிடின், கடற்கரை மணலையே பலரும் குறைகூறுவர். இது பொருந்தாத குற்றச்சாட்டாகும். பீற்றூட், கடலோரக் காட்டுச்செடியொன்றின் வழிவந்த பயிர். முளைப்பருவம் கடந்தபின் சிறிதளவு உவரை அது நன்கு தாங்கும். இளகிய மணலிற் கிழங்கு தடையின்றித் திரளவுஞ் செய்யும்.

உண்மைக் காரணம் நெருக்கமே. பீற்றூட் விதையெனக் கடையில் வாங்குவது பெரும்பாலும் தனிவிதையன்று. பல விதைகள் ஒட்டிய கொத்தாகும். ஒன்றை ஊன்றினால் இரண்டு மூன்று நாற்றுக்கள் எழும். வயலிற் களைபிடுங்கத் தயங்காத கமக்காரரும், முளைத்த பயிரைப் பிடுங்க மனங்கொள்வதில்லை. அத்தகையோர் இறுதியில் இலையை மாத்திரமே அறுவடை செய்வர். நாற்றுக்கள் 3 அங்குல உயரமடைந்ததும் 4 அங்குலத்திற்கு ஒன்றாக ஐதாக்கிவிடல் வேண்டும். பிடுங்கியவை வீணல்ல, வறைக்கு உகந்த இளங்கீரை அது.

மாரிமழை ஓய்ந்தபின் தை மாதத்தில் விதைத்தல் நன்று. உக்கிய மாட்டெருவை முன்னரே மண்ணிற் கலந்திடுக. மணல் ஈரம் பிடியாதாகையால் நாள்தோறும் அளவாக நீர் விடுக. ஏறக்குறைய 75 நாளிற் கிழங்கு கைப்பிடியளவாகும். இன்னும் பருக்கட்டுமென விட்டுவைப்பின் நார் பாய்ந்துவிடும்.