உலகத்துக்கே வண்ணம் கொடுக்கும் சிவகாசி... விஸ்வநத்தம் வீட்டு மாடிக்கு எந்த நிறம் நல்லது?

சாயங்காலம் பட்டாசு ஆலை வேன் ஊருக்குள் வந்து நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். இறங்குகிறவர்களின் கை, முகம், தலைமுடி எல்லாம் வெள்ளிப் பூச்சு பூசினதுபோல இருக்கும். அலுமினியப் பவுடர். வானத்தில் சிவப்பும் ஊதாவும் தங்க நிறமுமாக வெடிக்கிற பேன்சி ரகங்களைச் செய்கிறவர்களுக்கு, வேலை நேரம் முழுக்கப் பழக்கமான நிறம் இந்தச் சாம்பல்தான்.

குளித்து முடித்து வீட்டுக்குள் வந்தால் அடுத்த பிரச்சனை. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம், ராத்திரி அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது. ஃபேன் போட்டால் அனல்தான் சுற்றும். விடிகாலை வரை தூக்கம் வராது. மறுநாள் காலையில் மறுபடி மருந்து செலுத்துகிற வேலை. தூக்கக் கலக்கத்தில் செய்கிற வேலையா அது?

இந்த வெக்கைக்கும் நிறத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. நிறம் என்றாலே பலருக்கு அழகு சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் தோன்றும். வீட்டுக்குள் எவ்வளவு வெக்கை, எந்த பஸ்ஸில் ஏறுவது, பஞ்சாயத்து ஆபீஸ் யாருடையது என்பதைக்கூட நிறம் முடிவு செய்கிறது. எப்படி?

*சிவகாசிக்கும் வண்ணத்துக்கும் அப்படி என்ன உறவு?*

விஸ்வநத்தம் சிவகாசியை ஒட்டிய ஊர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என சிவகாசியின் மூன்று தொழில்களையும் நம்பி வாழும் பகுதி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் சிவகாசி நிறத்தின் ஊரானது.

வறண்ட காற்று அதற்குக் கைகொடுத்தது. காற்றில் ஈரம் அதிகமானால் பேப்பர் விரியும். நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு மை ஏறும் ஆப்செட் அச்சில், பேப்பர் ஒரு மயிரிழை விரிந்தாலும் படம் கலங்கிவிடும். மழை குறைந்த கரிசல் பூமி விவசாயிக்குச் சாபம், அச்சகத்துக்கு வரம். தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்குள் போனாலும் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அடியில் 'சிவகாசி' என்றுதான் இருக்கும். வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாவது இந்த ஊர் வழக்கம்.

ஆக, நம் வீடுகளின் உள்சுவர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் பல தலைமுறையாகச் சிவகாசிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

*வானத்திலிருந்து ஒரு நிறம் காணாமல் போனது எப்படி?*

வாணத்தின் நிறம் ரசாயன உப்புகளிலிருந்து வருகிறது. ஸ்ட்ரான்சியம் சிவப்பு தரும். சோடியம் மஞ்சள், தாமிரம் நீலம், பேரியம் பச்சை. இந்த உப்புகளைக் கலந்து உருட்டுவதைத்தான் ஆலைகளில் 'மணி மருந்து' என்கிறார்கள். உராய்வு விபத்துச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் வார்த்தையும் அதுதான்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2021-ல் அதை மீண்டும் வலியுறுத்தியது. மேம்படுத்தப்பட்ட கலவையிலாவது பேரியத்தை அனுமதிக்க வேண்டும் என்ற உற்பத்தியாளர்களின் கோரிக்கையையும் 2023 செப்டம்பரில் நிராகரித்தது. காரணம், புகையில் கலந்து மூச்சோடு உள்ளே போகும் பேரியம் உடலுக்குக் கெடுதல்.

பச்சை நிறம் போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியவில்லை. பேரியம் நைட்ரேட் நிறத்துக்கு மட்டும் சேர்ப்பதில்லை, எரிவதற்கு ஆக்சிஜன் கொடுப்பதும் அதுதான். கம்பி மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணம் என்று குழந்தைகள் கையில் எடுக்கிற ரகங்கள்தான் அதை அதிகம் நம்பியிருந்தன. தடைக்குப் பிறகு ஃபார்முலா மாறியது, வேலை நாட்கள் குறைந்தன, கூலி அடிபட்டது. 'பசுமைப் பட்டாசு' என்று பெயர், ஆனால் அதில் பச்சை நிறத்துக்குத்தான் சிக்கல். ஒரு நிறத்துக்கு இந்தப் பகுதி மக்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை.

*சரி, மாடியின் நிறத்தால் வெக்கை குறையுமா?*

குறையும். இது நம்பிக்கை சார்ந்த விஷயமில்லை, நேரடி இயற்பியல். கருமையான பரப்பு வெயிலை விழுங்கும், வெள்ளைப் பரப்பு திருப்பி அனுப்பும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, கோடை வெயிலில் சாதாரணக் கூரை 65 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். அதே வெயிலில் ஒளியைத் திருப்பும் கூரை அதைவிட 28 டிகிரி வரை குறைவாக இருக்க முடியும். இது கூரையின் மேற்பரப்புச் சூடு. வீட்டுக்குள் குறைவது அந்த அளவுக்கு இருக்காது. ஜன்னல், காற்றோட்டம், தளத்தின் கனம் இவற்றைப் பொறுத்துச் சில டிகிரி. ஆனால் ராத்திரி தூக்கத்துக்கு அந்தச் சில டிகிரியே பெரிய விஷயம். மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைக்குத்தான் முழுப் பலன். கீழ்த்தளத்தில் இருப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இதெல்லாம் நம் தாத்தா பாட்டி காலத்திலேயே இருந்த பழக்கம்தான். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, மாடியில் தட்டோடு பதிப்பது எல்லாம் வேறென்ன? பெயிண்ட் டப்பா வந்த பிறகு சுண்ணாம்பு ஏழை வீட்டுப் பூச்சு என்று ஆகிவிட்டது. தெரு பார்க்கிற முன்சுவருக்கு ஆரஞ்சு, வயலட், கிளிப்பச்சை என்று செலவு செய்கிறோம். யார் கண்ணிலும் படாத மாடி அப்படியே கருத்துப்போய்க் கிடக்கிறது. சூடு இறங்குவதென்னவோ அந்த மாடி வழியாகத்தான்.

அரசுகளும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைகளுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையை மாற்றுவது இலக்கு. அகமதாபாத்தில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை 2017-லேயே ஆரம்பித்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. இறந்த பிறகு கொடுக்கும் பணத்துக்கு ஆணை வந்தாயிற்று. அதற்கு முன்னாலேயே வெக்கையைக் குறைக்க மாடிக்கு ஒரு வாளி வெள்ளை கொடுப்பது செலவிலும் மிகச் சின்ன விஷயம்.

*சுண்ணாம்பு போதுமா, பெயிண்ட் வேண்டுமா?*

சுண்ணாம்பு மலிவு. பசை கலந்து இரண்டு கோட் அடித்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு மழைக்காலம் தாங்கும், அதற்குப் பிறகு வெளுத்துக் கரையும். மாடிக்கென்றே விற்கிற குளிர்கூரைப் பெயிண்ட் விலை அதிகம், பல வருஷம் நிற்கும். எதுவாக இருந்தாலும் தூசி படிந்தால் வேலை செய்யாது. கரிசல் மண் தூசி பறக்கிற ஊரில் கோடைக்கு முன்னால் ஒருமுறை கழுவிவிடுவது அவசியம்.

ஒரு எச்சரிக்கை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடு என்றால், வெள்ளையடிப்பதற்கு முன் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்துச் சுரண்டக் கூடாது. அதிலிருந்து பறக்கும் நார் நுரையீரலுக்குப் போனால் தீராத வியாதி. தண்ணீர் ஊற்றி மெதுவாகக் கழுவினால் போதும்.

பட்டாசு ஆலை ஷெட்களுக்கு இதே யோசனையைச் சொல்லலாமா? அங்கே யார் இஷ்டத்துக்கும் எதையும் மாற்ற முடியாது. 2008 வெடிபொருள் விதிகளின்படி, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பு போன்ற உரிமம் வழங்கும் அதிகாரிகள் ஒப்புதல் தந்த வரைபடப்படிதான் ஷெட் இருக்க வேண்டும். அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு ஷெட்டில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பதுதான். நிறமெல்லாம் அப்புறம்.

*வீட்டுக்குள் அடிக்கிற நிறம் மனசை மாற்றுமா?*

நீலம் அடித்தால் நிம்மதி, சிவப்பு அடித்தால் கோபம் என்று சமூக வலைதளங்களில் நிறைய சுற்றுகிறது. இதில் கொஞ்சம் நிதானம் தேவை. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு கடற்படைத் தடுப்புக்காவல் அறைக்கு ஒருவகை ரோஸ் நிறம் அடித்தார்கள். கைதிகளின் ஆவேசம் அடங்கியது என்று செய்தி பரவி, பல சிறைகள் அதே நிறத்துக்கு மாறின. பின்னால் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை.

உறுதியாகத் தெரிந்தது வேறு சில விஷயங்கள். ஒரே ஒரு ஜன்னல் இருக்கிற சின்ன அறையில் வெளிர் நிறச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், பகலிலேயே லைட் போடத் தேவையிருக்காது. அறுவை சிகிச்சை அறைகளில் பச்சை வந்ததும் கண்ணின் வேலை சார்ந்த காரணத்தால்தான். ரத்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர் வெள்ளைச் சுவரைப் பார்த்தால் பச்சை நிழல் மிதக்கும், கண் கூசும். 1914-ல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர் ஒருவர் அறையையே பச்சையாக்கி அதைச் சமாளித்தார்.

இன்னொன்று, வீட்டில் குழந்தை இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல் பெயிண்ட்களில் முன்பு ஈயம் அதிகம் சேர்த்தார்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த கதவு, ஜன்னல் கம்பிகளில் பெயிண்ட் உரிந்தால் குழந்தை வாயில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கும்போது டப்பாவில் ஈய அளவு பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

*பொது இடத்துக்கு நிறம் அடிப்பதில் என்ன சண்டை?*

ஆந்திராவில் பஞ்சாயத்து அலுவலகங்களுக்கு ஆளும் கட்சிக் கொடியின் நிறங்களை அடித்தார்கள். 2020-ல் உயர் நீதிமன்றம் அகற்றச் சொன்னது. அரசு உடனே செம்மண் நிறத்தில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்து, இப்போது இது கட்சி நிறமில்லை என்றது! நீதிமன்றம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் அரசுக்குக் கைகொடுக்கவில்லை. அடித்ததும் மக்கள் பணம், அழித்ததும் மக்கள் பணம்.

சென்னையில் 2022 ஆகஸ்டில் பெண்களுக்கான இலவசப் பயண பஸ்களுக்கு முன்னும் பின்னும் பிங்க் அடித்தார்கள். 'லிப்ஸ்டிக் பஸ்' என்று கேலி செய்தார்கள். ஆனால் தூரத்திலிருந்தே எது இலவச பஸ் என்று தெரிந்தால், போர்டு படிக்கச் சிரமப்படும் பாட்டிக்கு டீலக்ஸில் ஏறிவிட்டு இறங்க வேண்டிய அவமானம் இல்லை. நிறம் உருப்படியாக வேலை செய்த இடம் அது.

கண்ணகி நகர் விவகாரம் கொஞ்சம் சிக்கலானது. சென்னையின் கரையோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய அந்தக் குடியிருப்பில், 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து பெரிய பெரிய சுவரோவியங்கள் வரைந்தன. போட்டோ எடுக்க ஆட்கள் வந்தார்கள். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தராதவர்கள் இருக்கும் ஊரில், அங்குள்ள இளைஞர்களுக்கு அது கொஞ்சம் பெருமை கொடுத்தது நிஜம். ஆனால் சுவர் மாறினால் குழாயில் தண்ணீர் வராது. 2025-ல் ஆசிய இளையோர் போட்டியில் கபடி தங்கம் வென்ற அணியில் இருந்த கார்த்திகா 'கண்ணகி நகர் கார்த்திகா'வாகவே அறியப்பட்டபோது அந்தப் பெயருக்குக் கிடைத்த மரியாதையை எந்தச் சுவரோவியமும் வாங்கித் தரவில்லை.

அல்பேனியத் தலைநகர் டிரானாவிலும் இதே விவாதம் நடந்தது. 2000-ல் மேயரான ஓவியர் எடி ராமா, சாம்பல் நிறக் கட்டடங்களுக்கெல்லாம் வண்ணமடித்தார். மக்களின் நடத்தையே மாறியது என்று அவர் சொன்னார். சாலையைப் போடாமல் பெயிண்ட் அடிக்கிறார் என்று எதிர்த்தரப்பு சொன்னது. பின்னால் அவர் நாட்டின் பிரதமரே ஆகிவிட்டார்.

*விஸ்வநத்தத்துக்கு இதில் என்ன இருக்கிறது?*

சிவகாசி 2021-ல் மாநகராட்சியானது. மாநகராட்சி என்று ஆனதும் மேம்பாலத் தூண் ஓவியம், கலர் லைட், நுழைவாயில் வளைவு என்று பேச்சு வருவது எல்லா ஊரிலும் சகஜம். விஸ்வநத்தம் போன்ற சுற்றுவட்டார ஊர்களில் தொழிலாளர் வீடுகள்தான் அதிகம். அங்கே பெயிண்ட் பட்ஜெட் என்று ஒன்று வந்தால், முதல் வாளி எங்கே போக வேண்டும் என்பதுதான் கேள்வி. அங்கன்வாடி மாடி, அரசுப் பள்ளி மாடி, அப்புறம் ஷீட் போட்ட வீடுகள் என்று போனால் அதன் பலனை ராத்திரியே உணரலாம். 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். தளம் பெரும்பகுதி கான்கிரீட். அந்த மதிப்பீட்டில் மாடி வெள்ளைப் பூச்சு என்று ஒரு வரி சேர்த்தால் மொத்தக் கணக்கில் பெரிதாகத் தெரியப்போவதில்லை.

எப்போது அடிப்பது? இந்தப் பகுதியில் தீபாவளி போனஸ் வந்ததும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் வழக்கம். மாடியை மட்டும் பொங்கலுக்குத் தள்ளிப்போடலாம். தீபாவளிக்கு அடித்தால் பின்னாலேயே வரும் வடகிழக்குப் பருவமழை சுண்ணாம்பைக் கரைத்துவிடும். தை மாதத்தில் அடித்தால் காய்ந்து இறுகி, பங்குனி வெயில் ஆரம்பிக்கும்போது முழு வெள்ளையாக நிற்கும்.