முன்னுரையில் மூழ்கிய கடல்

பாரிஸ் ஒப்பந்தத்தை யாராவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? 2015-இல் உலக நாடுகள் கூடி ஏற்றுக்கொண்டது. மொத்தம் 29 விதிகள். அதில் ‘கடல்கள்’ என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று தேடிப் பாருங்கள். ஒரே ஒரு தடவை. அதுவும் விதிகளில் இல்லை. முன்னுரையில், ஒரு ‘உட்பட’வோடு. காடுகளுக்காவது ஐந்தாம் விதியில் இடம் கிடைத்தது.

பசுங்குடில் வாயுக்கள் பிடித்துவைக்கும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிக்கொள்வது கடல். நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்வாசியும் அங்கேதான் போகிறது. ஒரு பொறியியல் மாணவன் வெப்பக் கணக்கில் 90 விழுக்காட்டை விட்டுவிட்டு விடை எழுதினால் முட்டைதான் கிடைக்கும். உலகத் தலைவர்கள் செய்தால் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

இந்தப் பிழைக்கு யார் விலை கொடுப்பது என்று பார்க்க மாலத்தீவு வரைக்கும் போக வேண்டாம். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரி தீவு. வெள்ளைக்காரத் தோட்டக்காரர் எட்வர்ட் வேலன்டைன் கேரியின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் செம்பனைத் தீவு. நிலத்தில் பெரும்பகுதி, கடல் ஏறி நிற்கும் மட்டத்துக்குக் கீழே. சுற்றியிருக்கும் மண்கரைதான் கடலைத் தடுத்து வைத்திருக்கிறது.

இந்த மாதிரி நிலத்தில் மழைத்தண்ணீர் வாய்க்கால் வழியாக மதகுக்கு வரும். கடல் வற்றும்போது மதகைத் திறந்தால் தானாக வெளியேறும். ஏறும்போது மூடியாக வேண்டும். கடல் மட்டம் உயர உயர, திறந்து வைக்கக்கூடிய நேரம் குறையும். கரை உடைந்து கடல் உள்ளே பாய வேண்டும் என்றே இல்லை. பெய்த மழை வெளியே போக முடியாமலேயே தோட்டம் மூழ்கும். 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. வேகமும் கூடிக்கொண்டே போகிறது.

“அதான் 2021 கிளாஸ்கோ மாநாட்டுக்கு அப்புறம் வருஷா வருஷம் கடல் பற்றிப் பேசுறாங்களே” என்பார்கள். பேசுகிறார்கள், சரி. அந்தப் பேச்சு எந்த நாட்டைக் கட்டுப்படுத்தும்? 2023-இல் ஏற்கப்பட்ட ஆழ்கடல் ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள். நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் அது எந்த நாட்டு எல்லைக்கும் அப்பாலிருக்கும் கடலின் உயிர்களைப் பற்றியது. புகைபோக்கியின் பக்கம் அது போகவே இல்லை.

புகைபோக்கி என்றதும் கப்பல் ஞாபகம் வருகிறது. பக்கத்துப் பூலாவ் இண்டா தீவில் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகம். அங்கிருந்து மலாக்கா நீரிணை வழியாக வெளிநாடு போகும் கப்பல் எரிக்கும் எண்ணெய் எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேராது. தனியாக எழுதி ஓரமாக வைக்கிறார்கள். பாரிஸ் ஒப்பந்தம் கப்பல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அனைத்துலகக் கடல்சார் அமைப்பு அந்தப் புகைக்கு விலை வைக்கப் பார்த்தது. 2025 அக்டோபரில் அந்த முடிவையும் ஓராண்டு தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

ஆனால் விற்க முடியும் என்று தெரிந்தால் கடல் உடனே கணக்குக்குள் வந்துவிடும். 2017-இல் கேரி தீவுக்கு மாபெரும் துறைமுகம் என்று அறிவித்தபோது பில்லியன் கணக்கில் ரிங்கிட் பேசினார்கள். மதகைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நம் இலக்கியம் மட்டும் என்ன வாழ்கிறது? மலேசியத் தமிழ் எழுத்தில் ரப்பர் மரம் இருக்கிறது, லயம் இருக்கிறது, கங்காணி இருக்கிறார். கடல் பெரும்பாலும் பாட்டன் கப்பலேறி வந்த கதையோடு முடிந்துவிடுகிறது. அதே தீவில் மா மெரி பூர்வகுடிகள் கடல் வற்றிய சேற்றுத்தரையில் நின்று ‘பூஜா பந்தாய்’ செய்கிறார்கள். கடலை ஓர் ஆளாக மதித்து எதிரே நிற்கும் சடங்கு. ஐக்கிய நாடுகள் சபையைவிட அவர்களுக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது.

மலேசியா 2030-க்குள் உமிழ்வுச் செறிவை 2005-ஐ ஒப்பிட 45 விழுக்காடு குறைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. நல்லது. அந்த அறிக்கையைக் கையில் எடுக்கும்போது கேட்க வேண்டியவை மூன்று: கப்பல் புகை யார் கணக்கில்? அலையாத்திக் காடு யார் பொறுப்பில்? மதகுக்குப் பணம் யார் தருவது? பதில் விதிகளுக்குள் வர வேண்டும். முன்னுரை போதாது.