விருப்பமா, உத்தரவா?

“ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க என்ன செய்யலாம்?” என்று கேட்கும் நேயர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான். ஒரே ஒரு செய்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதை ஒரு வாரம் விடாமல் தொடருங்கள். நாளுக்குப் பத்துச் சொல் என்று அகராதியை மனப்பாடம் செய்தால் மறுவாரமே மறந்துபோகும். ஒரே செய்தியைப் பல இடங்களில் கேட்டாலோ, அதே இருபது முப்பது சொற்கள் சுற்றிச் சுற்றி வந்து மனத்தில் உட்கார்ந்துவிடும்.

அண்மையில் என் அக்கா மகனோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்தேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறான். படிப்பு முடிந்ததும் தேசிய சேவை. அவன் வயதுக்காரர்களைப் பற்றிய செய்தியாக இருக்கட்டும் என்று ஜெர்மனியின் புதிய ராணுவச் சேவைச் சட்டத்தை எடுத்துக்கொண்டோம்.

செய்தி இதுதான். 2025 டிசம்பர் 5ஆம் தேதி ஜெர்மன் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. சுமார் 183,000 பேர் இருக்கும் ராணுவத்தை 2035க்குள் 260,000 பேராக உயர்த்துவது இலக்கு. 2008லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு, 18 வயதாகும்போது கேள்விப் படிவம் ஒன்று வரும். சேர விருப்பமா, உடல்நிலை எப்படி என்பன போன்ற கேள்விகள் அதில் இருக்கும். படிவத்தை ஆண்கள் கட்டாயம் நிரப்ப வேண்டும். பெண்கள் விரும்பினால் நிரப்பலாம். படையில் சேர்வது மட்டும் அவரவர் விருப்பம்.

முதல் நாளே அவன் கேட்டான்: “சித்தி, மேலே ‘வாலண்டரி’னு போட்டிருக்கு. கீழே ‘மஸ்ட்’னு வருதே. எதை நம்புறது?”

இரண்டையும் நம்ப வேண்டும். ‘வாலண்டரி’ என்பது சேவையைக் குறிக்கிறது. ‘மஸ்ட்’ என்பது படிவத்தைக் குறிக்கிறது. ஆங்கிலச் செய்தியில் ஒரு பெயரடையைப் பார்த்தால், அது எந்தப் பெயர்ச்சொல்லின் முன்னால் நிற்கிறது என்று உடனே பாருங்கள். ‘வாலண்டரி சர்வீஸ்’, ‘மேண்டட்டரி கொஸ்டினேர்’. இரண்டும் ஒரே சட்டத்தில் குடியிருக்கலாம்.

‘வாலண்டியர்’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிங்கப்பூரில் அதைத் தொண்டூழியர் என்கிறோம். கேட்டதும் ரத்த தான முகாமும் முதியோர் இல்லமும் நினைவுக்கு வரும்; சம்பளம் இல்லாத வேலை என்று மனம் முடிவுகட்டிவிடும். ஆனால் ஜெர்மனியில் விரும்பிச் சேர்பவருக்கு மாதம் சுமார் 2,600 யூரோ சம்பளம், வரிப்பிடித்தத்துக்கு முன். வாகன ஓட்டுநர் உரிமம் எடுக்க உதவித்தொகையும் உண்டு. செய்தியில் இவற்றை ‘இன்சென்டிவ்’ என்பார்கள், அதாவது ஊக்கச் சலுகை. ‘வாலண்டியர்’ என்பதன் வேர், விருப்பம் என்று பொருள்படும் லத்தீன் சொல். அதில் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அமெரிக்கா 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பை நிறுத்தியதிலிருந்து அதன் ராணுவத்தை ‘ஆல் வாலண்டியர் ஃபோர்ஸ்’ என்றே அழைக்கிறார்கள். அங்கே எல்லாரும் சம்பளம் வாங்குபவர்கள்தாம். எனவே இந்தச் செய்தியைத் தமிழில் சொல்லும்போது ‘விருப்பச் சேவை’ என்றால்தான் பொருத்தம்.

அதன் எதிர்ச்சொல் ‘கான்ஸ்கிரிப்ஷன்’, கட்டாய ராணுவச் சேவை. சேர்த்து எழுதப்படுவது என்பதே லத்தீனில் அதன் மூலப்பொருள். பட்டியலில் உங்கள் பெயரை வேறொருவர் எழுதிவிடுகிறார். அமெரிக்கர்கள் இதை ‘டிராஃப்ட்’ என்பார்கள். கட்டுரையின் முதல் வரைவுக்கும் அதே சொல்தான் என்பதால் இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

அடுத்த இணை ‘சஸ்பெண்ட்’, ‘அபாலிஷ்’. இந்தச் செய்தியில் நான் மிகவும் கவனித்தது இதைத்தான். ஜெர்மனி 2011இல் கட்டாயச் சேவையை விட்டுவிட்டது என்று பொதுவாகப் பேசுகிறோம். சட்டப்படி அது ‘சஸ்பெண்ட்’ செய்யப்பட்டது. ‘அபாலிஷ்’ என்றால் ஒழித்துவிடுவது. ‘சஸ்பெண்ட்’ என்றால் நிறுத்திவைப்பது. கடையை இடித்துத் தள்ளுவதற்கும் கதவை இழுத்துச் சாத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு அது. பிரான்சும் 1997இல் ‘சஸ்பெண்ட்’ தான் செய்தது. 2025 நவம்பரில் அதிபர் மக்ரோன் பத்து மாத விருப்பச் சேவையை அறிவித்தார். முதல் ஆண்டில் 3,000 பேர், 2035க்குள் 50,000 பேர் என்பது அவர் சொன்ன கணக்கு. ஜெர்மனியிலோ, சாவி இன்னும் பையில் இருப்பதைப் புதிய சட்டமே நினைவூட்டுகிறது. போதிய பேர் விரும்பிச் சேராவிட்டால், நாடாளுமன்றம் மறுபடி வாக்களித்துக் கட்டாயமாக அழைக்க வழி இருக்கிறது.

அந்த ‘விட்டால்’தான் முக்கியம். ஆங்கிலத்தில் அது ‘இஃப்’ என்று தொடங்கும். பெரும்பாலும் செய்தியின் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும். ‘ஷார்ட்ஃபால்’ என்ற சொல்லும் பக்கத்திலேயே நிற்கும். தேவைக்குக் குறைவது என்று பொருள். தலைப்பில் ‘வாலண்டரி’, கடைசிப் பத்தியில் ‘இஃப்’. சட்டம் நிறைவேறிய அன்று ஜெர்மன் நகரங்களில் பள்ளி மாணவர்கள் வகுப்புகளை விட்டுத் தெருவுக்கு வந்தது, அந்தக் கடைசிப் பத்தியை அவர்கள் படித்திருந்ததால்தான்.

இன்னொரு சொற்றொடர் ‘கான்ஷியென்ஷஸ் அப்ஜெக்டர்’. மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்பவர். அந்த உரிமை ஜெர்மனியின் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தனியாக வரும்போது ‘கான்ஷியென்ஷஸ்’ என்றால் பொறுப்போடு வேலை செய்பவர் என்று பொருள். ‘கான்ஷியஸ்’, அதாவது சுயநினைவோடு இருப்பது, முற்றிலும் வேறு சொல். உச்சரித்துப் பழகுங்கள், நேர்முகத் தேர்வில் கைகொடுக்கும்.

வார இறுதியில் பேச்சு நம் ஊருக்கு வந்தது. 1967இலிருந்து இங்கே தேசிய சேவை சட்டப்படி கட்டாயம். ஆனாலும் நம் பிள்ளைகள் “ஐ என்லிஸ்டட்” என்றுதான் சொல்கிறார்கள், தாங்களாகப் போய்ச் சேர்ந்ததுபோல. ஆங்கிலத்தில் ‘என்லிஸ்ட்’ இரண்டு பக்கமும் போகும்: ஒருவர் சேரலாம், ஒருவரைச் சேர்க்கலாம். தமிழில் ‘சேர்ந்தான்’, ‘சேர்க்கப்பட்டான்’ என்று பிரித்தே ஆக வேண்டும். தாங்களே விரும்பி வருபவர்களும் இங்கே இருக்கிறார்கள். சிங்கப்பூர் ஆயுதப் படையின் தொண்டூழியர் பிரிவில் 2015 முதல் பெண்களும் புதிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பயிற்சி பெறுகிறார்கள்.

“அவங்ககிட்ட விருப்பமானு ஒரு ஃபார்ம்லயாவது கேட்கிறாங்க, சித்தி. என்னை யாரும் கேட்கலையே,” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கட்டாயச் சேவையில் நான் போனதில்லை. அவனுக்கு அறிவுரை சொல்ல எனக்கு உரிமையில்லை. “சட்டம் உன்னைக் கேட்காது. ஆனா நான் கேட்கிறேன், நீ என்ன நினைக்கிறே?” என்றேன். அரை மணி நேரம் பேசினான். பயம், சலிப்பு, கொஞ்சம் பெருமை எல்லாம் வந்தன. அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவனிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லையாம்.

இளையர் இருக்கும் வீடுகளுக்கு இந்த வாரப் பயிற்சி: இந்தச் செய்தியை இரண்டு மூன்று ஆங்கில ஊடகங்களில் தேடிப் படியுங்கள். ‘வாலண்டரி’, ‘மேண்டட்டரி’, ‘சஸ்பெண்ட்’, ‘ஷார்ட்ஃபால்’ நான்கையும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். கூடவே ‘டிஃபர்மெண்ட்’, ‘எக்ஸெம்ப்ஷன்’ இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்னது தள்ளிவைப்பு; பின்னது விலக்கு. இவற்றைக் குழப்பிக்கொண்டால், சில மாதத் தவணையை முழு விடுதலை என்று ஒரு குடும்பம் நம்பிவிடும். வீட்டுக்குக் கடிதம் வரும் நாளில் அகராதியைத் தேட நேரமிருக்காது.