தாயம் விழுந்த மாலை

வேலூரிலிருந்து திருப்பதிக்கு வருவது அரை நாட் பயணங்கூட அன்று. காட்பாடியில் ரயில் ஏறினால் சித்தூர், பாகாலா கடந்து வந்துவிடலாம். சென்ற கோடையில் நம் தாயார் அவ்வாறே வந்து சேர்ந்தார். ஆனால், ஒன்பது வயதுப் பேத்தியோடு அவரால் பேச இயலவில்லை. குழந்தைக்குப் பள்ளியிலும் தெருவிலும் தெலுங்கு. பாட்டிக்கோ தெலுங்கு தெரியாது. “சாப்பிட்டாயா?” என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. இரவுப் பணி, பகற்பணி என்று நிலையத்திற்கு ஓடிய நாம், குழந்தைக்குத் தமிழ் சொல்லித்தரத் தவறினோம். குற்றம் நம்முடையதே.

ஒரு மாலை அடுத்த வீட்டுச் சிறுமி நான்கு சோழிகளோடு வந்து, ஐந்துக்கு ஐந்தாகக் கட்டம் வரைந்தாள். தெலுங்கில் இதற்கு ‘அஷ்டா சம்மா’ என்று பெயர். நான்கு சோழிகளும் கவிழ்ந்தால் எட்டு, அஷ்டா. நான்கும் மல்லாந்தால் நான்கு, சம்மா. எட்டிப்பார்த்த தாயார், “இது நம் தாயமல்லவா!” என்று கூறித் தாமும் அமர்ந்தார். சோழி இல்லாத நாளில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி ஆடியதையும் சொன்னார்.

ஆட்டம் எளியது. ஆளுக்கு நான்கு காய்கள். மல்லாந்த சோழிகளின் எண்ணிக்கையே நகரும் கட்டங்கள். ஒன்று விழுந்தால் தாயம். அது விழாமல் தாயார் காயை இறக்க விடமாட்டார். பெருக்கற்குறியிட்ட கட்டம் ‘மலை’. அங்கே நிற்கும் காயை எவரும் வெட்டலாகாது. வெளிச்சுற்றில் இடமாகச் செல்லும் காய், எதிரியின் காய் ஒன்றையேனும் வெட்டிய பின்னரே உட்சுற்றில் புகும். அங்கு வலமாகச் சென்று நடுக்கட்டத்தை அடைந்தால் ‘பழம்’. விதிகள் வீட்டுக்கு வீடு சிறிது மாறும். ஆதலால் தொடங்குமுன் பேசிக்கொள்வது நலம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதத்தில் ஆளுக்கு ஒரே காய். ஏணியோ பாம்போ, விழுந்தபடி போக வேண்டியதுதான். தாயத்தில் அப்படியன்று. எண்ணைத் தருவது சோழி. எந்தக் காயை ஓட்டுவது, எதை மலையில் நிறுத்துவது என்று முடிவு செய்வது நாம்.

மூன்றாம் நாள் பேத்தியின் காய் பழமாக இரண்டே கட்டம் இருந்தது. பாட்டிக்கு மூன்று விழுந்தது, வெட்டலாம். “வேண்டாம் பாட்டி, என்னை வெட்டாதே!” என்று குழந்தை கத்தினாள். அவள் பாட்டியிடம் முழுதாகப் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுவே. பாட்டி சிரித்துக்கொண்டே வெட்டிவிட்டார். அழுகையும் சமாதானமும் தமிழிலேயே நடந்தன. அடுத்த வீட்டுச் சிறுமியும் ‘பழம்’ என்று கூவக் கற்றாள்; தாயாரும் ‘ஒகடி, ரெண்டு, மூடு’ என்று எண்ணப் பழகினார்.

தாயார் ஊர் திரும்பிவிட்டார். இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில், யார் யாரை வெட்டினார்கள் என்று பேத்தி அவரிடம் ஒப்பிக்கிறாள். அன்பர்கள் வீட்டிலும் முதியோர் இருப்பின், இன்று மாலையே தரையில் ஒரு கட்டம் வரைந்து, குழந்தைகளை அருகில் உட்கார வைப்பார்களாக.