ஒரு சோறு பதம்!

குட்டீஸ்! மிட்டாய்க் கடைக்காரர் ஒரு துண்டு ருசி பார்க்கக் கொடுத்தால், அரைக் கிலோ வாங்குவோமா? ருசித்ததே போதும் என்று நகர்ந்துவிடுவோமா? வீடியோ கேம் நிறுவனங்களுக்கும் இதே குழப்பம்தான்! 'டெமோ' எனப்படும் இலவச மாதிரி, விற்பனையைக் கூட்டுமா, குறைக்குமா?

அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம், 1993 டிசம்பரில் 'டூம்' விளையாட்டை வெளியிட்டது. மூன்று பாகங்களில் முதல் பாகம் இலவசம். ஆடி ரசித்த ஏராளமானோர், மீதியைக் காசு கொடுத்து வாங்கினர்.

ஆனால், 2013ல் பேராசிரியர் ஜெஸ்ஸி ஷெல் வேறு கணக்குக் காட்டினார். எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகளில், முன்னோட்டப் படம் மட்டும் வெளியிட்டவை, டெமோவும் தந்தவற்றைவிட அதிகம் விற்றிருந்தன. டெமோ ஆடியதும் ஆவல் அடங்கிவிடுகிறதாம்!

அப்படியானால் டெமோ கெடுதலா? அவசரப்படாதீர்கள். புகழ்பெற்ற விளையாட்டுக்கு டெமோவே தேவைப்படாமல் இருந்திருக்கலாம். இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதாலேயே, ஒன்றுக்கு மற்றது காரணம் ஆகிவிடாது.

பெயர் தெரியாத சிறு நிறுவனங்களுக்கோ, டெமோவே நல்ல விளம்பரம். 'ஸ்டீம்' இணையக் கடை, வெளிவராத விளையாட்டுகளின் டெமோக்களுக்காகவே 2021 முதல் 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' விழா நடத்துகிறது.

விற்பவருக்கு லாபமோ, நஷ்டமோ... வாங்கும் நமக்கு லாபம்தான்! அப்பாவிடம் பணம் கேட்கும் முன், டெமோ இருந்தால் ஆடிப் பாருங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா?