பெஹாலாவில் வழி தேடுவோர்

கொல்கத்தாவின் தென்மேற்குப் பகுதியான பெஹாலாவில் புதிதாகக் குடியேறுபவருக்கு முகவரி மட்டும் கையில் இருந்தால் போதாது. அருகிலுள்ள குளம், மரத்தடி, பேருந்து நிறுத்தம், மருந்துக் கடை ஆகியவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் ரிக்ஷாக்காரர் தலையசைப்பார்.

ஹோ சி மின் சரணி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கத் துணைத் தூதரகம் அமைந்துள்ள ஹாரிங்டன் தெருவுக்கு, வியத்நாம் போர்க் காலத்தில் ஐக்கிய முன்னணி அரசு அப்பெயரைச் சூட்டிய கதை அரசியல் ஆர்வலர்கள் அறிந்ததே. அதே பெயரில் பெஹாலாவிலும் ஒரு சாலை உண்டு. அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சொல்லாதவர் தூதரக வாசலில் போய் இறங்க நேரலாம்!

இந்தக் குழப்பத்துக்கு வரலாறு உண்டு. கொல்கத்தா உருவாக அடிப்படையான மூன்று கிராமங்களின் உரிமை, 1698-ல் பெஹாலாவை ஒட்டிய பரிஷாவின் சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்திடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. ஆனால் பெஹாலா கொல்கத்தா மாநகராட்சியில் சேர்ந்ததோ 1984-ல்தான். இடையிலான 286 ஆண்டுகளில் குளக்கரைகளையும் தோட்டங்களையும் சுற்றிச் சென்ற பாதைகளே சந்துகளாயின. டாகுர்புகூர் என்பதில் குளமும், பகுல்தலா என்பதில் மகிழ மரத்தடியும் இன்னும் பெயரளவில் வாழ்கின்றன. ஓரளவு நேராகச் செல்லும் ஜேம்ஸ் லாங் சரணியும் சாலையாகத் திட்டமிடப்பட்டதல்ல. 1957-ல் மூடப்பட்ட காளிகாட் - ஃபல்தா குறுகிய ரயில் பாதையின் தடம் அது. அவுரி விவசாயிகளின் துயரைக் கூறும் 'நீல் தர்பண்' நாடகத்தின் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டதற்காக 1861-ல் சிறை சென்ற பாதிரியாரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

சந்துகள் வளைந்து கிடப்பதில் குற்றமில்லை. அத்தனை சந்துகளின் போக்குவரத்தையும் டயமண்ட் ஹார்பர் சாலை என்ற ஒரே சாலையின் தலையில் சுமத்திவிட்டு, "பழகிக்கொள்ளுங்கள்" என மக்களை விட்டுவிட்டதுதான் குற்றம். 2018 செப்டம்பர் 4-ம் தேதி அச்சாலையின் மாஜேர்ஹாட் பாலம் இடிந்து மூவர் உயிரிழந்தனர். புதிய பாலம் திறக்கப்பட்டது 2020 டிசம்பரில். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் மாற்றுவழிகளில் அல்லாடினர். 2023 ஆகஸ்டில் பெஹாலா சௌராஸ்தா அருகே பள்ளிக்குச் சென்ற சிறுவன் லாரி மோதி இறந்தான். மக்கள் கொதித்தெழுந்து, போலீஸ் வாகனம் எரிந்த பிறகே அங்கு தடுப்புகளும் கூடுதல் காவலும் வந்தன. இவற்றை எதிர்பாராத விபத்துகள் என்று கணக்கெழுதுவது நிர்வாகத்துக்கு வசதியானது.

மெட்ரோ ரயில் வந்துவிட்டதே என்று கேட்கலாம். 2010-ல் அடிக்கல் நாட்டப்பட்ட இத்தடத்தில், ஜோகா - தாராதலா இடையே முதல் ரயில் ஓடியது 2022 டிசம்பர் 30-ம் தேதி. மாஜேர்ஹாட்டை எட்டியது 2024 மார்ச்சில். இப்பணிக்காகவே டிராம் பறிபோனது. ஒரு தலைமுறை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் வரை தூண்களுக்கும் பள்ளங்களுக்கும் நடுவே நடந்தது பெஹாலா. இடதுசாரி ஆட்சியில் தொடங்கிய பணி, 2011-க்குப் பின் வந்த திரிணமூல் ஆட்சியிலும் தவழ்ந்தது. நிலம் தராத மாநிலம், நிதி தராத மத்திய அரசு என்ற பழைய வழக்கு இங்கும் ஒலித்தது.

பழைய எண், புதிய எண் என்று கதவுக்கு இரு எண்கள் எழுதிப் பழகிய சென்னைவாசிகளுக்கு இது அந்நியமான கதையல்ல. 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்த சென்னை மாநகராட்சியின் புதிய பகுதிகளும் வரி ரசீதை முதலிலும் வடிகாலைப் பின்னரும்தான் கண்டன.

2012-ல் ஜோகாவின் ஊராட்சிகளும் கொல்கத்தா மாநகராட்சியில் இணைக்கப்பட்டுவிட்டன. அங்கும் குளங்களை ஒட்டி அடுக்குமாடிகள் எழுகின்றன. அடுத்த கட்டட அனுமதிக்கு முன், ஒவ்வொரு சந்தின் முனையிலும் வார்டு எண்ணுடன் பெயர்ப் பலகை, தீயணைப்பு வண்டி நுழையும் அகலம், மழைநீர் போகும் வழி ஆகிய மூன்றையும் மாநகராட்சி உறுதி செய்யட்டும். ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் இது சிறு பகுதிதான்.