அழிப்பதுதான் திருத்தமா?

கைத்தொலைபேசி தானாக நின்றுபோகிறது என்று எந்தக் கடைக்குக் கொண்டுசென்றாலும் ஒரே மருந்துதான். ரீசெட்! கால் முறிந்து வந்தவனுக்கும் பனடோல் கொடுத்தனுப்பும் வைத்தியரை நாம் சும்மா விடுவோமா? கைத்தொலைபேசி விடயத்தில் மட்டும் தலையாட்டிவிட்டு, பணத்தையும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

நானும் தலையாட்டியவன்தான். பேராதனையில் ஒரு கடை (பெயர் வேண்டாம், அந்த ஒரு கடையோடு முடியும் பிரச்சினையல்ல இது). பற்றரி 35 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே எனது தொலைபேசி அணைந்துவிடும். மின்னேற்றியில் பொருத்தினால் உயிர்பெற்று, மீண்டும் 30 என்று காட்டும். “சொஃப்ட்வெயார் பிரச்சினை ஐயா, ரீசெட் அடிச்சா சரியாயிரும்” என்றார் இளைஞர். எல்லாவற்றுக்கும் பிரதி இருக்கிறதா என்றும் கேட்டார், இருக்கிறது என்றேன். அது என் பிழை. புகைப்படங்களுக்குப் பிரதி இருந்தது, ஒலிப்பதிவுகளுக்கு இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் தங்கள் குடும்பங்களை எப்படிப் பிரித்தது என்று ஹந்தானைப் பக்கத்து முதியவர்கள் நால்வர் சொன்னவை அவை. மறுநாளே தொலைபேசி பழையபடி 35இல் அணைந்தது. வேறொரு கடையில் பற்றரியை மாற்றினேன். அதோடு நோய் தீர்ந்தது. ஹந்தானைக்கு மீண்டும் சென்றேன்; நால்வரில் இருவரே இருந்தார்கள்.

இதில் மர்மம் எதுவுமில்லை. லித்தியம் அயன் பற்றரி மின்னேற்றத்துக்கு மின்னேற்றம் முதுமையடைகிறது. வெப்பம் அந்த முதுமையை விரைவுபடுத்துகிறது. முதுமையோடு பற்றரியின் உட்தடை கூடுகிறது. கமெராவைத் திறக்கும்போதோ, அலைவரிசை பலவீனமான இடத்தில் அழைப்பெடுக்கும்போதோ தொலைபேசி திடீரென அதிக மின்னோட்டத்தைக் கேட்கிறது. கிழட்டுப் பற்றரியால் அதைக் கொடுக்க முடிவதில்லை, மின்னழுத்தம் சரிகிறது, சுற்றுகளைக் காப்பாற்றத் தொலைபேசி தன்னை அணைத்துக்கொள்கிறது. குளிரும் உட்தடையைக் கூட்டும் என்பதால், பேராதனையில் ஒழுங்காக இயங்கிய தொலைபேசி நுவரெலியாவின் காலைக் குளிரில் கைவிடலாம். ரீசெட் செய்வதோ நினைவகத்தைத் துடைப்பது. பற்றரியின் இரசாயனத்தை அது தொடுவதேயில்லை.

நம்பாதவர்கள் அப்பிள் நிறுவனத்தின் கதையைப் பார்க்கட்டும். 2016 நவம்பரில், திடீரென அணைந்த ஐபோன் 6எஸ் சிலவற்றுக்கு அந்நிறுவனம் இலவசமாகப் பற்றரி மாற்றிக் கொடுத்தது. 2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 வந்தது; பற்றரி பழுதடைந்த தொலைபேசிகளின் வேகத்தைப் பாவனையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமலே அது குறைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜோன் பூல் என்பவர் வேக அளவீடுகளை வெளியிட்டதும் குட்டு வெளிப்பட்டது. மன்னிப்புக் கேட்ட அப்பிள், பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 ஆகக் குறைத்தது. 2020இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. அமெரிக்காவில், தவறை ஏற்காமலே 500 மில்லியன் டொலர் வரை கொடுக்க அந்நிறுவனம் உடன்பட்டது.

மென்பொருளை எழுதிய நிறுவனத்தாலேயே மென்பொருளைக் கொண்டு செய்ய முடிந்தது வேகத்தைக் குறைப்பது மட்டுமே. மருந்து பற்றரிதான். அப்படியிருக்க, பேராதனையில் ஒரு பொத்தானை அழுத்தி எதைக் குணப்படுத்துகிறோம்?

ரீசெட் ஒருபோதும் உதவாது என்று நான் சொல்லவில்லை. கோளாறான செயலியோ, அரைகுறையாக ஏறிய புதுப்பிப்போ காரணமாக இருந்தால் உதவும். ஆனால் அது கடைசிப் படி. பற்றரியின் நிலையைப் பார்க்க வேண்டும், பின்னர் பாதுகாப்புப் பயன்முறையில் இயக்கிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் வேறு வழியில்லையென்றால், உரிமையாளரின் கண்முன்னே எல்லாவற்றையும் பிரதியெடுத்துவிட்டு அழிக்கட்டும்.

கடைக்காரரை மட்டும் குறைசொல்வது எளிது. ரீசெட்டுக்கு உதிரிப்பாகம் தேவையில்லை, சில நிமிடம் போதும். பற்றரியையோ பசைபோட்டு ஒட்டி மூடியிருக்கிறார்கள், திறக்கும்போது திரை உடைந்தால் யார் பொறுப்பு? அந்தப் பசை தயாரிப்பாளரின் முடிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் திறன்பேசிகளின் பற்றரி, 800 மின்னேற்றச் சுற்றுகளுக்குப் பின்னும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். ஒரு மாதிரியின் விற்பனை நின்றபின்னரும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும்.

இலங்கையர் இதைக் கேட்கக்கூடாதா? 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது புதுத் தொலைபேசி நம்மில் பலருக்கு எட்டாக்கனியாயிற்று. அதே ஆண்டில்தான் பெற்றோல் வரிசையில் கியூஆர் குறியீட்டைக் காட்டத் தொலைபேசியை நீட்டிக்கொண்டு நின்றோம். பழையதைப் பேணி வாழும் நாட்டுக்குத்தான் நல்ல பற்றரி அதிகம் தேவை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கான சட்டம் 2003 முதல் இருக்கிறது. பற்றரியைச் சோதித்தேன், அதன் நிலை இது என்று எழுதிக் கையொப்பமிடாமல் எவருடைய தொலைபேசியையும் அழிக்கக்கூடாது என்று அந்தச் சபை ஒரு விதி கொண்டுவரட்டும். அரைத்தாள் போதும்.